ஏழு கட்டடங்களும் ஒரு பெயரும்

தனபாக்கியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் குற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1998 மார்ச் மாதம், நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோ நூலகக் கூடத்தில், அவள் கட்டிய பொம்மைக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு நேரே அவள் கணவனிடம் போய், "கங்கிராட்ஸ், வெள்ளியங்கிரி" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அவற்றில் அவன் ஒரு கட்டையைக்கூட வைக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். ஒரு வீட்டில் நல்லது நடந்தால் அந்த வீட்டு ஆண்பிள்ளையிடம் சொல்வதுதான் நமக்குப் பழக்கம். பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அபார்ட்மென்ட்டில் எங்களுக்கு நேர் கீழ்வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது 1996இல். வெள்ளியங்கிரி சாஃப்ட்வேர் கன்சல்டன்ட். தனபாக்கியம் கோபிச்செட்டிபாளையத்துக்காரி, சிவில் டிப்ளமோ முடித்தவள். ஈரோட்டில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் எட்டு வருஷம் பிளான் வரைந்தவள். இங்கே அவளுக்குக் கிடைத்தது எச்-ஃபோர் விசா. கணவன் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற விசா அது. வந்து சமைக்கலாம், துவைக்கலாம், பனியில் வழுக்கி விழலாம். வேலைக்குப் போக மட்டும் கூடாது. எனக்கும் அதே விசாதான். நான் ஆறு மாதம் அழுதேன், பிறகு டிவி பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவள் அழவும் இல்லை, டிவி பார்க்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற கராஜ் சேலில் குழந்தை ரோஷினிக்காக ஒரு டப் நிறைய பிளாஸ்டிக் கட்டைகள் வாங்கினாள். ஒன்றின் மேல் ஒன்று அழுத்தினால் கவ்விக்கொள்ளும், மேலே குமிழ் குமிழாக இருக்கும், அந்தக் கட்டைகள்தான். யார் வீட்டு நாய் நக்கியதோ என்று வலைப்பையில் கட்டி, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு மூன்று தண்ணீரில் அலசினாள். காயப்போட்ட துண்டின் மேலேயே ஒரு வீடு கட்டிவிட்டாள். ரோஷினிக்கு அதில் ஐந்து நிமிஷம்தான் ஆசை இருந்தது. அம்மாவுக்கு விடவில்லை.

பிரச்சினை இடம். அவர்கள் வீட்டில் மேஜை என்றால் சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். எட்டரை மணிக்கு அவன் சாப்பிட வரும்போது அது காலியாக இருக்க வேண்டும். ஒரு தெரு முழுக்கக் கட்டினால் அதை எங்கே தூக்கி வைப்பது? ஈரோட்டு மூளை அங்கேதான் வேலை செய்தது. எல்லாக் கட்டடமும் ஒரே அளவு அடித்தட்டில்: முப்பத்திரண்டு குமிழ் நீளம், முப்பத்திரண்டு அகலம். எல்லாவற்றுக்கும் முன்னால் எட்டுக் குமிழுக்கு நடைபாதை. பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரே உயரத்தில், முன்னாலிருந்து ஒரே தூரத்தில் ஒரு துளை. இரண்டு கட்டடங்களை ஒட்டிவைத்துத் துளையில் ஒரு பிளாஸ்டிக் பின்னைச் செருகினால் நடைபாதை ஒரே கோடாக ஓடும், சுவரும் சுவரும் பல்லிடுக்கில்லாமல் சேரும். வேலை முடிந்தால் பின்னை உருவு, மாடி மாடியாகக் கழற்று, வாழைப்பழ அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளு. பக்கத்துக் கட்டடம் இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றும் தானாக நிற்கும். அதில் அவளுக்கு ரொம்பப் பிடிவாதம்.

"ஒண்ணோட ஒண்ணு சேரோணும்க்கா. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிருக்கக் கூடாது" என்பாள்.

அந்த ஊரில் இப்படிக் கட்டைகளால் கட்டுகிற பெரியவர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. ரிடையரான தபால்காரர் வால்டர் அதன் செயலாளர். வருஷா வருஷம் மார்ச்சில் நூலகத்தில் கண்காட்சி. அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு அவளே ஃபாரம் நிரப்பினாள். அங்கேதான் நம்மவர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய ஒரு கூத்து நடந்தது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? பாஸ்போர்ட் ஆபீசில் கேட்டார்கள் என்று மனைவிமார் எல்லாரும் கணவன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவைத்தோம். தனபாக்கியமும் ஃபர்ஸ்ட் நேம் தனபாக்கியம், லாஸ்ட் நேம் வெள்ளியங்கிரி என்று பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதினாள். வால்டர் நல்ல மனுஷர். முதல் பெயர் வாயில் நுழையவில்லை, மேஜையில் வைக்கும் பெயர் அட்டையில் இடமும் இல்லை. 'மிஸ்டர் டி. வெள்ளியங்கிரி' என்று அச்சடித்துவிட்டார். இந்த மாதிரிக் கட்டடத்தை ஒரு பெண் கட்டியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு மூன்று கட்டடங்கள் வைத்திருந்தாள். காசு போட்டுத் துணி துவைக்கிற ஒரு லாண்டரோமாட், ஒரு பேக்கரி, ஒரு சலூன். லாண்டரோமாட்டில் துணி காயவைக்கும் இயந்திரத்தின் கதவுகூடத் திறக்கும். கூட்டம் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. தமிழ்ச் சங்கத் தலைவர் ஜம்புநாதன் அங்கிள் அட்டையைப் படித்தார். பக்கத்தில் கேமராவோடு நின்ற வெள்ளியங்கிரியைக் கட்டிப்பிடித்தார்.

"என்னய்யா, ஆபீஸ் வேலையும் பாத்துண்டு இதையும் பண்றியா? சொல்லவே இல்லையே."

வெள்ளியங்கிரி கேமரா வாரைச் சரிசெய்துகொண்டான். "தேங்க்ஸ் அங்கிள்" என்றான்.

"நோ அங்கிள். அம்மா மேட் இட்" என்றாள் ரோஷினி.

"அம்மா ஹெல்ப் பண்ணினாளா? வெரி குட்" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு அங்கிள் போய்விட்டார். தனபாக்கியம் இரண்டடி தள்ளி, பின்கள் இருந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில்தான் நானும் என் பங்குக்குப் போய்ப் பாராட்டினேன்.

அடுத்த மாதச் சங்கச் செய்தித்தாளில் அவன் படம் வந்தது. 'நம் வெள்ளியங்கிரியின் கைவண்ணம்' என்று தலைப்பு. அதை மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"அவருகிட்டக் கேட்டேன்க்கா. எச்-ஃபோர்ல இருக்கற, பேரு பேப்பர்ல வந்தா வேலை பாக்கறேன்னு நெனச்சுக்குவாங்க, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் சும்மா இருங்கறாரு."

"பொம்மை கட்டறதெல்லாம் வேலையா? எவன் சொன்னான்?"

"அதேதானுங்க நானும் கேட்டேன். அது வேலை இல்லைன்னா, எம்பேரு வந்தா என்ன?"

நான் செய்த இரண்டாவது தவறு இங்கே. "விடுடி, குடும்பத்துக்குள்ளதானே. அவர் பேர் வந்தா என்ன, உன் பேர் வந்தா என்ன" என்று சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு வருஷம் பிளான் போட்டேன். அத்தனைக்கும் முதலாளி கையெழுத்து. சரி, அது சம்பளம் வாங்கிட்டுச் செஞ்சது. இது நான் எனக்காகக் கட்டுனதுங்கக்கா. இதுல என்ற பேரு இருக்கோணும். இல்லீன்னா இனி ஒரு கட்டைகூட வெக்க மாட்டேன்."

வைத்தாள். ஒரு வருஷம் முழுக்க வைத்தாள். வெளியூர் ப்ராஜெக்ட் என்று வெள்ளியங்கிரி திங்கள் போய் வியாழன் வருவான், அது அவளுக்கு வசதியாகிவிட்டது. மூன்று, ஏழாகியது. மளிகைக் கடை, நூலகம், ரயில் ஸ்டேஷன், ஒரு கல்யாண மண்டபம். மேஜையில் மூன்றுக்கு மேல் நிற்காது. ஏழையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் அபார்ட்மென்ட் லாண்டரி ரூம்தான். பகல் பதினொரு மணிக்கு அங்கே யாரும் வரமாட்டார்கள், துணி மடிக்கிற நீள மேஜை காலியாக இருக்கும். பெட்டி தூக்க நான் போவேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பழைய துளைகளை எல்லாம் அவள் மாற்றியிருந்தாள். ஒவ்வொரு இணைப்புக்கும் துளை ஒவ்வோர் இடத்தில். பேக்கரிக்கு வலது பக்கம் நூலகத்தைத் தவிர வேறெதுவும் சேராது.

"எதை எங்க வேணா மாத்தி வெக்கலாம்கறதுதானேடி இதுல அழகே. அதை ஏன் கெடுக்கறே?" என்றேன்.

"வெக்கறப்போ தெரியுமுங்க" என்றாள். எல்லாக் கட்டடங்களும் மொட்டையாக நின்றன, மேலே கைப்பிடிச் சுவர் இல்லை. அதைக் கேட்டதற்கும் அதே பதில்தான்.

1999 மார்ச், அதே நூலகக் கூடம். வால்டர் போன வருஷப் பட்டியலை அப்படியே எடுத்து அச்சடித்திருந்தார். அதே மிஸ்டர், அதே டி. வெள்ளியங்கிரி. நான் அட்டையை எடுத்து மறைக்கப் போனேன். அவள் தடுத்துவிட்டாள்.

ஜன்னலுக்கு நேராக ரயில் ஸ்டேஷன் இருந்தால் வெளிச்சம் நன்றாக விழும் என்று வால்டர் அதைத் தூக்கி நடுவில் வைத்துப் பார்த்தார். பின் சேரவில்லை. திருப்பிப் பார்த்தார், சேரவில்லை. போன வருஷம் எதுவும் எதோடும் சேர்ந்ததே என்று தலையைச் சொறிந்தார். தனபாக்கியம் தன் இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: இதற்கு ஒரே வரிசைதான், மாற்ற முடியாது. ஏன் என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், காட்டுகிறேன் என்றாள்.

பிறகு என்னிடம் தூக்கிவரச் சொன்ன பாஸ்மதி அரிசிப் பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே ஏழு கைப்பிடிச் சுவர்கள், ஒவ்வொன்றும் பழைய துணியில் சுற்றியிருந்தது. வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே செங்கல் நிறக் கட்டைகளால் ஏதோ கோலம்போல இருந்தது. முதல் கட்டடத்தின் உச்சியில் ஒன்றை அழுத்தினாள். அது கோலம் இல்லை, 'த'. அடுத்ததில் 'ன'. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பேக்கரியின் மேல் 'பா', நூலகத்தின் மேல் 'க்', மண்டபத்தின் மேல் 'கி', மளிகைக் கடையின் மேல் 'ய'. கடைசியில் ரயில் ஸ்டேஷனின் மேல் 'ம்', அதன் தலையில் உருண்டையாக ஒரு சிவப்புப் பொட்டு. சுவர்களையும் உள்பக்கமாகப் பின் போட்டு இறுக்கினாள். ஏழு கட்டடத்தின் நீளத்துக்கு அவள் பெயர் நின்றது.

"இது என் பெயர். எழுத்துகளைக் கலைத்துப்போட முடியாது" என்று வால்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், காது சிவந்துவிட்டது. பேனாவைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குள் வெள்ளியங்கிரி காரை நிறுத்திவிட்டு, பட்டன் வைத்த நல்ல சட்டையில் வந்துவிட்டான். பின்னாலேயே சங்கத்துக் குடும்பங்கள் நாலைந்து. அவன் தெருவைப் பார்த்ததும் அப்படியே நின்றான். குரலைத் தாழ்த்தி, சிரித்த முகத்தோடே பேசினான்.

"தனம், மேல இருக்கறதக் கழட்டிரு. ஆளுக பாக்கறாங்க."

"பாக்கோணும்னுதானுங்க வெச்சேன்."

"வெளையாடாத. விசா விசயம்னு சொன்னேனில்ல."

"விசா ஆபீசுல தமிழ் படிக்கறவங்க யாருங்க இருக்கறாங்க? நம்ம ஆளுகதான் படிப்பாங்க. உங்குளுக்கு பயமே அவுங்க படிச்சுருவாங்கன்னுதான்." அவள் குரல் உயரவில்லை. "கழட்டோணும்னா நீங்களே கழட்டுங்க. கட்டுனவரு நீங்கதானுங்களே."

அவன் கை மேலே போனது. 'த'வைப் பிடித்து லேசாக அசைத்தான். ஏழும் சேர்ந்து அசைந்தன. எந்தப் பின்னை எந்தப் பக்கம் உருவ வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை இறக்கிக்கொண்டான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்லலாம், அவர்கள் அந்த வருஷம் முழுக்க லாண்டரி ரூமுக்குப் பெட்டி தூக்கியிருந்தால் தெரியும்.

ஜம்புநாதன் அங்கிள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி எழுத்துக்கு வந்ததும் திரும்பினார்.

"வெள்ளியங்கிரி, இது உன் வொய்ஃப் பேரில்லையோ?"

தனபாக்கியம் உதவிக்கு வரவில்லை.

"ஆமாங்க அங்கிள்" என்றான். "கட்டுனது அவதானுங்க. போன வருசமும் அவதான்."

அங்கிள் அவளிடம் திரும்பி என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நான் அவரை முந்திக்கொண்டேன். அவள் இரண்டு கையையும் பிடித்து, ஒரு வருஷம் தாமதமான வாழ்த்தைச் சொன்னேன். "இப்பவாவது ஆள் பாத்துச் சொன்னீங்களேக்கா" என்று சிரித்தாள். குத்தல்தான். வாங்கிக்கொண்டேன்.

அந்த மாதச் செய்தித்தாளில் திருத்தம் எதுவும் வரவில்லை. வெள்ளியங்கிரி மூன்று வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். அவள் சமாதானம் செய்யப் போகவில்லை. பிறகு அவனாகவே ஒரு வேலை செய்தான்: ஒரு பழைய ட்ராயிங் டேபிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டுவந்து ஹாலில் போட்டான். அது போதுமா என்று கேட்டால், எனக்குப் போதாது. அவளுக்குப் போதுமா என்று நான் கேட்கவில்லை. 2001இல் வேலை செய்ய அனுமதி வந்தது, பிஸ்கட்டவேயில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் பிளான் வரையச் சேர்ந்தாள்.

ஆனால் நான் சொல்லி முடிக்க நினைத்தது அதற்கு முந்தின வருஷம் நடந்தது. 2000ஆம் வருஷக் கண்காட்சிக்கு அவள் ஃபாரம் அனுப்பியிருந்தாள். ஒரு மத்தியானம் நான் கீழ்வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வால்டரிடமிருந்து போன் வந்தது. கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஃபர்ஸ்ட் நேம் கட்டத்திலும் லாஸ்ட் நேம் கட்டத்திலும் ஒரே பெயர் இருக்கிறதே, கைதவறி எழுதிவிட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

"நோ மிஸ்டேக்" என்றாள்.

இல்லை, உங்கள் கணவர் பெயர் அங்கே இருந்ததே, அதனால் கேட்டேன் என்றார் அவர்.

தனபாக்கியம் மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"ஹீ டிட் நாட் பில்ட்" என்றாள்.