பேருக்கு ஒரு கல்யாணம்

என் வீட்டுக்காரர் இறந்த அன்று வந்த பெண்கள் எல்லாரும் என் மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எங்கள் பக்கம் புருஷன் செத்தால் முதலில் பெண்டாட்டியின் கழுத்தைக் கட்டித்தான் அழ வேண்டும். தாய் அதற்கு அப்புறம்தான். என்னிடம் யாரும் அப்படி வரவில்லை. என் தலையைத் தடவி, சின்னப் பிள்ளை, உனக்கு ஒரு வழி பிறக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். நான் பார்த்துக்கொண்ட நோயாளி ஒருவன் செத்துப்போனான், அவ்வளவுதான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத மனிதரை நான் கட்டினேன் என்பது ஊருக்குத் தெரியும். மீதி தெரியாது.

அவர் தோணியில் போகிறவர். புதுத் துறைமுகம் வந்த பிறகும் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு தோணிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் கேட்பார்கள். எங்களுக்கு இரண்டு ஓலை ஆகியிருந்தது. மூன்றாவதுக்கு முன்னால், துறையில் நின்ற தோணியில் கயிறு சரி பண்ணப் பாய்மரத்தில் ஏறியவர் கீழே விழுந்தார். முதுகெலும்பு ஒடிந்துவிட்டது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்துவிட்டு வந்தார். நான் அவரைத்தான் கட்டுவேன் என்றேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பிடித்திருந்தது. என் அம்மா சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். பிறகு அவளே எழுந்து சாப்பிட்டாள்.

ஆனால் பங்குச் சாமியார் முடியாது என்றுவிட்டார். புருஷனாக நடக்க என்றைக்குமே முடியாது என்று தெரிந்த ஆளுக்குக் கல்யாணம் செய்துவைக்கச் சபைச் சட்டத்தில் இடமில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தே பேசினார். நான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன். காலில்தான் கிடந்தது.

அதற்கு வழி கொண்டுவந்ததும் அதே சாமியார்தான். மெட்ராசில் வெளிநாட்டில் படித்த டாக்டர் ஒருவர் இந்த மாதிரி ஆட்களுக்கு ஆப்பரேஷன் செய்கிறார் என்று யாரிடமோ விசாரித்து, சைக்கிளில் இவர் வீட்டுக்கே வந்து சொன்னார். சிலிக்கான் என்ற ரப்பர் மாதிரிச் சாமானில் இரண்டு குச்சி. ஆண்குறிக்குள்ளே இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துவிடுவார்கள். அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். உணர்ச்சி திரும்ப வராது, சீழ் பிடித்தால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

மெட்ராசுக்குக் கூடப் போன மாமியாரிடம் இது மூத்திரத்துக்கான ஆப்பரேஷன் என்று சொல்லிவைத்தார்கள். அதுவும் பொய் இல்லை. அதற்கு முன்னால் மூத்திரம் பிடிக்கிற உறை நிற்காமல் கழன்று கழன்று விழும். அதன் பிறகு நின்றது. வேட்டி நனையாமல் முழுப் பூசைக்கும் உட்கார முடிந்தது.

திரும்பி வந்ததும் கோயில் வெளியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னிடம் சொன்னார். "பாய்மரத்துலேருந்து விழுந்தவனுக்குப் பாய்மரமே வச்சு விட்டுட்டாங்க ஏளா. காத்துதான் வராது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லு" என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து ஓலை வாசித்தார்கள். சாமியார் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. சாமியார் வாயே திறக்கவில்லை.

மறைக்க ஒன்றும் இல்லை, எழுதிவிடுகிறேன். முதல் ராத்திரி அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. ஒனக்குத் தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். "அப்ப சரி" என்றார். அதற்கப்புறம் எப்போதும் அப்படித்தான். விளக்கை அணைக்க விடமாட்டார். என் முகத்தில் பார்த்துத்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும்போது பழைய வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிடுவேன். இல்லாவிட்டால் பூசையில் எல்லாருக்கும் முன்னால் தெரியும். பாயைச் சுருட்டு, கரைக்குப் போறோம் என்பார்.

கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் படுக்கைப் புண் வந்தது, பிறகு காய்ச்சல். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். குச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் நம்பினேன்.

செத்தவரைக் குளிப்பாட்ட அவருடைய சித்தப்பா வந்தார். நானே குளிப்பாட்டுகிறேன் என்று கதவைச் சாத்தினேன். தினமும் குளிப்பாட்டுகிறவள்தானே என்று விட்டுவிட்டார்கள். உடம்பு முழுக்கத் தளர்ந்து கிடந்தது. அது மட்டும் அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை போலவே துணியை இறுக்கிக் கட்டி, மேலே பட்டு வேட்டி உடுத்திவிட்டேன்.

இந்த மாதம் புன்னைக்காயலிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும். நான் காப்பி எடுத்துக்கொண்டு வரும்போது அம்மா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பேருக்குத்தான் ஒரு கல்யாணம். எம் பிள்ளை போன மாதிரியே திரும்பி வந்திருக்கா."

அதற்காகத்தான் வந்திருந்தார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. நான் பேசாமல் காப்பியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கே பேசி முடித்திருப்பார்கள்.

"பேருக்கில்ல. நான் அவருக்குப் பொண்டாட்டியாத்தான் இருந்தேன்" என்றேன்.

"அதெப்படிம்மா? அந்த ஆளு..." என்று அத்தை இழுத்தாள். ஆப்பரேஷன் செய்திருந்தது என்றேன். எந்த ஆப்பரேஷன், எதற்கு என்பதையும் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அத்தை மட்டும் முழுக் காப்பியையும் குடித்துவிட்டு எழுந்தாள்.

அவர்கள் போனதும் அம்மா என்னைத் திட்டவில்லை. அரிவாள்மணையை எடுத்துப்போட்டு மதியக் குழம்புக்கு வாங்கி வைத்திருந்த மீனைச் செதில் தேய்க்க உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். இரண்டு மீன் தேய்த்த பிறகு கேட்டாள்.

"நெசமாவா ஏளா?"

"நெசந்தாம்மா."

"ஒனக்கு வாழ்க்கையே இல்லாமப் போச்சேன்னு நான் மாதாகிட்ட எவ்வளவு அழுதிருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவரு சொல்லாதேன்னாரு."

அம்மா இன்னொரு மீனை எடுத்தாள். தேய்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒனக்குப் புருஷன்லா செத்துப் போயிருக்கான்" என்றாள்.

மீனைப் போட்டுவிட்டு, கையைக் கூடக் கழுவாமல், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் இறந்த அன்று மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதார்களே, அதே மாதிரி. என் கழுத்தெல்லாம் செதில் ஒட்டியது. நானும் அழுதேன்.