வந்துட்டல்ல, போதும்

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் ‘ஐயோக்கா’. கார்ட்டூன் படத்தில் வீரன் பறந்து வந்து காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் யாராவது மாட்டிக்கொண்டு அலற வேண்டுமே, அந்த அலறல் இவளுடையது. பாலம் உடைந்தால் இவள், கட்டடம் சரிந்தால் இவள், பஸ் அந்தரத்தில் தொங்கினால் உள்ளே இருக்கும் பாதிப்பேர் இவள். வீரனுக்குக் குரல் கொடுப்பவன் காலாட்டிக்கொண்டு காபி குடித்துவிட்டு வந்து நாலு வரி பேசுவான், போஸ்டரில் பேர் வரும். தொண்டை கிழிந்தவளுக்கு வெந்நீரும் உப்பும்தான்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது லிஃப்ட் பாதியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் அவருக்குத்தான் போன். மனுஷர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

“ரெண்டு வாய் சாப்டுட்டுப் போனா குடியா முழுகிடும்?”

“உள்ள நிக்கிறவனுக்கு மூச்சு முட்டும்டி. வந்து திட்டு வாங்கிக்கிறேன்.”

“போங்க போங்க, பெரிய சூப்பர் ஹீரோ. முதுகுல ஒரு துண்டையும் கட்டிக்கிட்டுப் போங்க.”

படம் ஒப்புக்கொண்டால் வீட்டிலேயே ஒத்திகை நடக்கும். அவர் வசனத்தாளை வைத்துக்கொண்டு வில்லன், போலீஸ், பூனை எல்லாமாகவும் பேசுவார். அவருக்கும் அலற ஆசை. திடீரென்று பக்கத்து அறையிலிருந்து “ஐயோ, காப்பாத்துங்க!” என்பார். இவள் டைரக்டர் மாதிரி விறைப்பாக, “சத்தம் பத்தல, இன்னொரு டேக்!” என்பாள். இது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பெல்லாம் பெரும்பாலும் இதற்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குளியலறைப் பக்கமிருந்து, “இங்க கொஞ்சம் வாயேன்” என்று ஈனஸ்வரத்தில் அவர் குரல் வந்தது.

“சத்தம் பத்தல, இன்னொரு டேக்!”

கொஞ்ச நேரம் கழித்து அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். முதல் தடவையைவிட நன்றாகவே இருந்தது. “ஆ, இது ஓகே!” என்று பாராட்டிவிட்டு, மிச்சக் காயையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்து போனாள்.

அவர் தரையில் கிடந்தார். அவள் அலறவில்லை. ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகுதான் அக்கம்பக்கத்துக்கே தெரிந்தது. “கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தா...” என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், அவர் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தாள். கல்நெஞ்சுக்காரி என்று உறவில் ஜாடையாகப் பேசினார்கள். “அழுதுடும்மா” என்று மகள் கெஞ்சினாள். “வரலையே, என்ன பண்ண?” என்றாள், குழாயில் தண்ணீர் வராததைச் சொல்வது மாதிரி. அந்த இன்னொரு டேக் சமாசாரத்தை மகளிடமும் சொல்லவில்லை. சொல்லி யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

ஸ்டுடியோவில் ஒரே ஒரு காட்சி பாக்கி என்று கூப்பிட்டார்கள். போனாள். படத்தின் வீரன் நீலச்சட்டைக்காரன் ஒருவன், எந்த மூலையில் யார் கூப்பிட்டாலும் கேட்டுவிடும் காது அவனுக்கு. கடைசியில் ஜனங்கள் கைதட்டுவதில் மயங்கி நின்று, ஒரு கிழவியிடம் தாமதமாக வந்து சேர்கிறான். இடிந்த சுவருக்கடியில் கிடக்கும் கிழவி அவன் கையைப் பிடித்து, “வந்துட்டல்ல, போதும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். கிழவிக்கு இவள் குரல்.

“இதுதான்க்கா படத்தோட உயிரு,” என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர். சின்ன வயது, நல்ல மாதிரி. “நல்லவனும் தப்புப் பண்ணுவான். மன்னிச்சாதான் அவன் எந்திரிச்சு நிப்பான்.”

அலறல் வழக்கம்போல வந்தது. பழகிய தொண்டை, அதற்கு மனசு தேவைப்படவில்லை. அந்தக் கடைசி வரி வந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்ல அவள் வரவில்லை. அதை ஒருவர் வாயிலிருந்து கேட்கத்தான் அவள் இத்தனை நாளும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கே நின்றபோதுதான் அது அவளுக்கே புரிந்தது.

“வந்துட்டல்ல. போதும்,” என்றாள், வறண்டு.

“சூப்பர்க்கா. ஆனா மன்னிச்ச மாதிரி இல்ல. சத்தமும் கொஞ்சம் பத்தல. இன்னொரு டேக் போலாமா?”

இருபது வருஷத் தொழிலில் அவள் எந்த டேக்குக்கும் மாட்டேன் என்றதில்லை. ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள்.

“இல்ல தம்பி. அந்தம்மா ஒரு தடவதான் சொல்லுவா.”

“அக்கா, சும்மா ஒரு சேஃப்டிக்கு...”

“எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவ கூப்பிட்டாரு தம்பி. ரெண்டாவது டேக் நான் கேட்டு வாங்குனது.”

டைரக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மைக்கை அணைத்தார்.

படத்தில் அந்த டேக்தான் இருக்கிறது. நீலச்சட்டைக்காரன் மண்டியிட்டு நிற்க, கிழவி மன்னிக்காமலே போதும் என்கிறாள். தியேட்டரில் அந்த இடத்தில் குழந்தைகள்கூடப் பேசாமல் இருக்கிறார்களாம், மகள் போனில் சொன்னாள். “அந்த அம்மா ஏம்மா அப்படிச் சொல்றா?”

அப்போதுதான் அவள் மகளிடம் சொன்னாள், காய் நறுக்கியதிலிருந்து.