அண்ணி கையில் கொடுத்த பிள்ளை

பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. அதிகம் பேசமாட்டாள். ஆனால் மனசில் ஒன்று விழுந்துவிட்டால் லேசில் விடமாட்டாள்.

மகளுக்கு முதல் பல் முளைத்த சமயம். ஈறு சிவந்து வீங்கி, எச்சில் ஒழுக ஒழுகப் பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்தது. கல்யாணமாகாத நாத்தனாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஈறு மரத்துப்போகிற களிம்பை யாரோ தாராளமாகத் தடவியிருக்கிறார்கள், கைக்குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம்.

"அண்ணிதான் காலையில தடவிட்டுப் போனாங்க" என்றாள் நாத்தனார், கண் இமைக்காமல்.

அன்று பகல் முழுக்க வீட்டில் இருந்தவள் நாத்தனார் ஒருத்திதான். இருந்தும் மாமியார் பெற்ற மகளைத்தான் நம்பினாள். புருஷன் வாயே திறக்கவில்லை. நாத்தனார் சொல்லிச் சொல்லியே அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பெயர், 'புள்ளைக்கு விஷம் வச்சவ'. அவள் சண்டை போடவில்லை. காலருக்கு ஊசி இறக்கும்போதெல்லாம் அந்த இமைக்காத கண்களை நினைத்துக்கொண்டாள்.

நாத்தனாருக்குக் கல்யாணமாகி ஒரு பையன் பிறந்தான். அவனுக்குப் பல் முளைக்கும் நேரத்தில் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஈறு வீங்கி, பால் குடிக்க மறுத்துக் கத்தினான் பையன். மாமியார் தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள், நாத்தனாரின் புருஷன், வீட்டு மாப்பிள்ளை, வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. நாத்தனார் வேறு வழியில்லாமல் பையனைக் கொண்டுவந்து அண்ணியின் மடியில் போட்டாள்.

அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல் நுனியால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்த்தாள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுத்தாள். பையன் அதைக் கடித்தபடியே விசும்பி விசும்பி அடங்கினான்.

எல்லோரும் மூச்சு விட்ட பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"புள்ளைக்கு விஷம் வச்சவன்னு ஊர் பூரா சொன்னியே. அந்தக் கையில உன் புள்ளைய எப்படிக் குடுத்த?"

நாத்தனார் முகம் வெளுத்தது.

"பயமே இல்லாமக் குடுத்த. ஏன்னா அன்னைக்குத் தடவினது யாருன்னு உனக்குத் தெரியும். உன் புருஷன் முன்னாடி சொல்லு."

மாமியார் குறுக்கே புகப் பார்த்தாள். மாப்பிள்ளை கையமர்த்தினான். கடைசியில் நாத்தனார் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அழுதுக்கிட்டே இருந்துச்சு. தூங்கட்டும்னு நாந்தான் தடவினேன்."

அதன் பிறகு மன்னிப்புக் கேட்டு அழுதாள். பழைய கதையை விடு என்றான் வேலை முடிந்து வந்த புருஷன். தனக்கு இன்னும் பழசாகவில்லை என்று சொல்லிவிட்டுச் சோற்றை வடிக்கப் போனாள் அவள். மன்னிக்கவும் இல்லை.

இப்போதெல்லாம் பையன் கொஞ்சம் அயர்ந்து தூங்கினாலும் மாப்பிள்ளை பெண்டாட்டியிடம் கேட்கிறானாம்: "என்ன குடுத்த?" மாமியார் அதைச் சொல்லிப் புலம்பும்போது அவள் 'ம்' கொட்டுவாள். மாமியார் அதை இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று அவளுக்கு இருக்கும்.