என் போனுக்குள் ஒரு சுவிஸ் அண்ணை

என் போனில் அந்தப் பச்சை நிறச் செயலி இரண்டு தரம் இருக்கிறது. ஒன்றில் நான். மற்றதில் சுவிஸ் அண்ணை. அவருக்கு எழுபத்தெட்டு வயது, முழங்காலில் வருத்தம், ஊர்ப்பற்று கொஞ்சம் அதிகம். வயது, வருத்தம், பற்று மூன்றும் நான் கொடுத்தவை. எனக்கு இருபத்தைந்து. கம்பஸ் முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு நெடுந்தீவில் குந்தியிருக்கிறேன். செய்ததற்கு எனக்கு வெட்கமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் வாசிக்கிற ஆட்களுக்கும் வசதி.

எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்தின் திறப்பு, அதுதான் சாவி, பதினொரு வருடமாக அப்பாவின் இடுப்பில் இருந்தது. சம்பளம் கிடையாது. காலையில் போய்த் திறப்பார், கூட்டுவார், மோட்டரைப் போட்டு டாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவார், முதல் படகில் வருகிற பேப்பரை விரித்து வைப்பார். கோடையில் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் அந்த டாங்கித் தண்ணீர்தான். போன வருடம் ஒரு நாள் போய்ப் பார்த்தால் கிணற்றடியில் மோட்டரைக் காணவில்லை. கழற்றிய இடத்தில் நட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா நேரே செயலாளரிடம் ஓடினார்.

அன்றைக்குப் பின்னேரம் ஊர்க் குறூப்பில் லண்டன் அண்ணை எழுதினார். "மோட்டர் எங்கை போனதெண்டு திறப்பு வச்சிருக்கிறவருக்குத் தெரியாமல் இருக்க ஏலாது. இப்பிடியான ஆக்களிட்டைப் பொதுச் சொத்தை நம்பிக் குடுக்கிறதை வெளிநாட்டில இருக்கிற நாங்கள் விரும்பேல்லை."

இந்த லண்டன் அண்ணையை ஊரில் ஒருவரும் நேரில் கண்டதில்லை. ஊரில் பிறந்து, சின்னனிலேயே கொழும்புக்குப் போய், அங்கிருந்து லண்டன் போனவராம். செயலாளருக்கு மட்டும் நல்ல பழக்கமாம். ஆனால் நம்பர் +44 என்று தொடங்கியது. எங்கள் ஊரில் அது போதும். இங்கே ஒருவன் தண்ணீர் இல்லை என்று நாலு பக்கம் எழுதினால் நாயும் பார்க்காது. +44, +41, +1 என்று தொடங்குகிற நம்பர் ஒரு பூப்படம் போட்டால் நாற்பது பேர் கைகூப்புவார்கள்.

செயலாளர் வீட்டுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. படலையடியில் நின்று கையை நீட்டினார்.

"நான் உம்மை ஒண்டும் சொல்லேல்லை. லண்டன் அண்ணை சொல்லுறார். திறப்பைத் தாரும்."

அப்பா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இறங்குதுறைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டார். கடைக்கு நானே போனேன். கடையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். அது சித்திரை மாதம். மழையாவது மண்ணாங்கட்டியாவது.

நான் குறூப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "செயலாளர் மாமா, இந்தக் கோடைக்கு ஊரிலை எல்லாற்றை தோட்டமும் காய்ஞ்சு கிடக்கு. உங்கடை மச்சான்ரை வெங்காயம் மட்டும் பச்சையா நிக்குது. அங்கை ஓடுற மோட்டர் ஆருடையது?"

ஒரு நிமிடம் ஆகவில்லை. என்னைக் குறூப்பிலிருந்து தூக்கிவிட்டார்.

நான் அழவில்லை. அலுமாரியைத் திறந்தேன். போன திருவிழாவுக்கு வந்த சின்னம்மா விட்டுவிட்டுப் போன சுவிஸ் சிம் அங்கே கிடந்தது. போனில் போட்டேன், உயிர் இருந்தது. செயலியை இரண்டாக்குகிற வழி என் போனின் செட்டிங்ஸிலேயே உண்டு. ஒரு பொத்தானைத் தட்டினால், மூலையில் சின்ன அடையாளத்தோடு இரண்டாவது பச்சைப் பெட்டி வந்து நிற்கும். அதில் சுவிஸ் நம்பரைக் கொடுத்தேன், இரகசிய இலக்கம் வந்தது, போட்டேன். சின்னம்மாவிடம் பிறகு சொன்னேன். "எனக்கு ஒண்டும் தெரியாது, எனக்குச் சொல்லாதே" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். முகப்புக்குப் பனிமலைப் படம் ஒன்று. குறூப்பில் சேருகிற இணைப்பு ஊரில் எல்லாரிடமும் இருந்தது.

சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குள் செயலாளர் எழுதினார். "வாங்கோ அண்ணை. உங்களைப் போல உறவுகள்தான் எங்கடை ஊருக்குப் பலம். அண்ணை எந்தப் பகுதி?"

"வெள்ளைக் கடற்கரைப் பக்கம், தம்பி. நீர் அப்ப பிறந்திருக்கமாட்டீர்" என்று போட்டேன்.

என்னைவிட முப்பது வயது மூத்த மனிசன். என் அப்பாவைப் படலையடியில் வைத்து நீங்கள் என்னாமல் நீர், உம்மை என்று சொன்ன மனிசன். "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று பதில் எழுதினார். அன்றைக்கு நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. "தம்பி, கூட்டறிக்கையை இன்னும் போடேல்லை." "தம்பி, உம்முடைய எழுத்திலை பிழை கூட." "தம்பி, டாங்கிக்குத் தண்ணி ஏத்தினீரோ?" ஒவ்வொன்றுக்கும் "மன்னிக்கோணும் அண்ணை" வந்தது. என் சொந்தப் பெயரில் கேட்ட ஒரு கேள்விக்கு என்னைத் தூக்கி எறிந்தவர், அதே விரல் கேட்ட அதே தண்ணீருக்கு ஆள் வைத்துப் பிளாஸ்டிக் பரல்களில் தண்ணீர் இழுப்பித்தார். ஆனால் திறப்பைப் பற்றிக் கதை எடுத்தால் மட்டும் லண்டன் அண்ணை வந்து குறுக்கே நின்றார். "அந்தப் பிரச்சினையை நாங்கள் முடிச்சாச்சு." அவர் வாயை அடைக்காமல் அப்பாவின் பெயரைத் திருப்ப ஏலாது என்று விளங்கியது.

அவரை நான் பிடித்தது டிக்கால்.

குறூப்பில் நாம் போடுகிற செய்தியை அழுத்திப் பிடித்தால், அது யார் யாருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பட்டியல் காட்டும். வேலையில்லாத பட்டதாரி வேறு என்ன வாசிப்பாள்? சுவிஸ் அண்ணை தினமும் போடுகிற காலை வணக்கத்தின் பட்டியலை ஒவ்வொரு நாளும் வாசித்தேன். செயலாளர் செவ்வாயும் வெள்ளியும் அரசாங்கக் கந்தோர் அலுவலாகப் பட்டினத்துக்குப் போகிறவர். படகில் தண்ணீர் அடிக்கும் என்று போனை நிப்பாட்டி, ஷொப்பிங் பையில் சுற்றி, சட்டைக்குள் வைப்பார். அது ஊருக்கே தெரிந்த பழக்கம். அக்கரையில், குறிகட்டுவானில் இறங்கித்தான் திரும்பப் போடுவார். அதுவரைக்கும் அவருக்கு அனுப்பியது ஒற்றை டிக்கோடு நிற்கும்.

ஒரு செவ்வாய் பார்த்தேன். செயலாளருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது எட்டு இருபத்திமூன்று. லண்டன் அண்ணைக்கும் எட்டு இருபத்திமூன்று. சரி, தற்செயல் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை இருவருக்கும் எட்டு முப்பத்தொன்று. அடுத்த செவ்வாய் காற்று, படகு பிந்தியது. லண்டனிலிருந்தவருக்கும் பிந்தியது.

ஆக, இவரும் என்னைப் போலத்தான். ஒரு போன், இரண்டு பச்சைப் பெட்டி. லண்டனில் இருக்கிற மகன் லீவில் வந்தபோது விட்டுப்போன சிம்மாக இருக்கும். எனக்குச் சின்னம்மா, அவருக்கு மகன். அந்த ஒற்றுமை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அதனால் இன்னும் கோபம் வந்தது.

உடனே குறூப்பில் உடைத்திருக்கலாம். படம் எடுத்துப் போட்டால், "உது ஏதோ தொழில்நுட்பக் கோளாறு அண்ணை" என்று மழுப்பிவிடுவார். அப்பாவுக்கு அவமானம் நடந்தது படலையடியில், அயலட்டை பார்க்க. இவருக்கும் சனத்துக்கு முன்னால் நடக்கவேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்கு ஆறு கிழமை இருந்தது. ஆறு கிழமையும் "தம்பி, தம்பி" என்று எழுதிக்கொண்டு காத்திருந்தேன்.

கூட்டம் ஞாயிறு காலை ஒன்பது மணி. அப்பாவை இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன். கடைசி வரிசையில், பிளாஸ்டிக் கதிரையில், வாசலுக்குக் கிட்ட இருந்தார். நான் பக்கத்தில். மேடையில் செயலாளரும் பொருளாளர் அக்காவும். அக்கா மீன் சங்கத்தில் வேலை செய்கிறவர், குரலுக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

அக்கா அறிக்கை வாசிக்கும்போது செயலாளர் மேசைக்குக் கீழே குனிந்து ஒற்றை விரலால் எதையோ குத்தினார். உடனே மண்டபம் முழுக்க போன்கள் சிணுங்கின. லண்டன் அண்ணை எழுதியிருந்தார். "கூட்டம் சிறக்க வாழ்த்துகள். திறப்பு தொடர்ந்து செயலாளரிட்டையே இருக்கவேணும் எண்டது எங்கள் எல்லாற்றையும் விருப்பம்."

"பாத்தியளே, அங்கை இன்னும் விடியேல்லை. மனிசன் எங்களுக்காக முழிச்சிருக்கு" என்றார் செயலாளர். சனம் உருகியது.

லண்டன் அண்ணையின் பெயருக்குக் கீழே ஒன்லைன் என்று காட்டியது. நான் மடியில் போனை வைத்து, இரண்டாவது பெட்டியைத் திறந்து, சுவிஸ் அண்ணையாகி எழுதினேன். "லண்டன் அண்ணை இப்ப முழிப்பாத்தான் நிக்கிறார். ஒருக்கா போன் அடிச்சு மைக்கிலை குடுங்கோ பிள்ளை. சனம் குரலைக் கேக்கட்டும்."

அக்கா தன் போனைப் பார்த்தார். "சுவிஸ் அண்ணை நல்ல யோசினை சொல்லுறார். இந்தா அடிக்கிறன்."

செயலாளர் "அவர் வேலைக்கு வெளிக்கிடுவார், கரைச்சல் குடுக்காதேங்கோ" என்று எழும்புவதற்குள் அக்கா அடித்துவிட்டார். போனை மைக்கோடு பிடித்தார். ஒலிபெருக்கியில் டூ, டூ என்று கேட்டது. செயலாளரின் சட்டைப் பையில் நாதஸ்வரம் எழும்பியது.

அது அவருடைய போன் மணி. ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர் வெட்டினார்.

"வீட்டிலையிருந்து அடிக்கினம்" என்றார்.

"லண்டன் அண்ணையும் வெட்டிப்போட்டார்" என்றார் அக்கா. "பொறுங்கோ, திரும்ப அடிக்கிறன்."

டூ, டூ. நாதஸ்வரம்.

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "மேளம் துவங்கீட்டுது. தாலியைக் கட்டுங்கோவன்."

சிரிப்பு எழும்பியது, பிறகு பாதியில் நின்றது. ஒவ்வொருவராக விளங்கிக்கொண்டு வந்ததை நான் கடைசி வரிசையிலிருந்து முதுகுகளில் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"அண்ணை, போனை மேசையில வையுங்கோ."

"ஏன்?"

"வையுங்கோவன்."

வைத்தார். அக்கா மூன்றாந்தரம் அடித்தார். போன் மேசையில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு நகர்ந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "என்ரை பேர்தான் விழுது" என்று மைக்கில் சொன்னார்.

செயலாளருக்கு வியர்த்து வழிந்தது. ஆனால் மனிசன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"அப்ப உந்தச் சுவிஸ் அண்ணை ஆர்? அவரை ஆரும் கண்டனீங்களோ? அவருக்கும் அடியுங்கோ பாப்பம்."

சத்தத்தை நிப்பாட்டியிருந்தேன், அதிர்வை நிப்பாட்ட மறந்துபோனேன். அக்கா அடித்தார். என் போன் மடியிலிருந்து வழுகி, கதிரையின் ஓரத்தில் முட்டி, டர்ர்ர் என்று அதிர்ந்தது. பிளாஸ்டிக் கதிரை அதைப் பெரிதாக்கியது.

அப்பா இருமத் தொடங்கினார். சாதாரண இருமல் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கதிரை ஆட ஆட, மண்டபமே திரும்பிப் பார்க்க இருமினார். நான் அந்த இடைவெளியில் போனைச் சட்டைக்குள் அமுக்கினேன்.

"எடுக்கிறாரில்லை" என்றார் அக்கா.

அப்பா கண்ணைத் துடைத்தார். "அங்கையும் விடியேல்லைத்தானே. மனிசன் நித்திரையாக்கும்" என்றார்.

ஐந்து நிமிடத்துக்கு முன் குறூப்பில் எழுதிய மனிசன். அப்பா வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கவேண்டும், அவ்வளவு மோசமாகச் சொன்னார். அக்கா அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை வெட்டினார்.

"ஓம், நித்திரையாத்தான் இருக்கும்."

பிறகு செயலாளருக்கு முன்னால் கையை நீட்டினார். "திறப்பு."

மேடையிலிருந்து இறங்கி, சனத்துக்கு நடுவால் கடைசி வரிசை வரைக்கும் வந்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

"மோட்டர் வரட்டும்" என்றார். "பிறகு வாங்கிறன்."

அடுத்த நாள் காலை மச்சானின் ட்ரக்டர் பெட்டியில் மோட்டர் வந்தது. செயலாளரே கிணற்றடியில் இறக்கிப் பூட்டினார். அன்றைக்குத் தண்ணீருக்கு வரிசை வழமையைவிட நீளம். வாளி இல்லாதவர்களும் நின்றார்கள். அவர் நட்டு முறுக்கி முடியும்வரை அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு திறப்பை வாங்கினார். பொத்தானைப் போட்டுத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தார். "பரவாயில்லை, நல்லாப் பூட்டியிருக்கிறீர்" என்றார்.

அந்த நீர் எனக்குப் போதும்.

வீட்டுக்கு வரும்போது அப்பா கேட்டார். "உன்ரை சுவிஸ்காரனை எப்ப அனுப்பப் போறாய்?"

"நல்ல மனிசன் அப்பா. நிக்கட்டும்."

"எனக்கு உது பிடிக்கேல்லை."

"பிறகேன் இருமினீங்கள்?"

"தொண்டை" என்றார்.

குறூப்பிலிருந்து லண்டன் அண்ணை அன்றிரவே விலகிவிட்டார். விசா முடிஞ்சுது என்று யாரோ எழுதினார்கள். செயலாளர் பதவியையும் விட்டுவிட்டார். ஆனால் அந்த +44 நம்பர் இன்னும் அவர் போனில் உயிரோடு இருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், தினமும் காலையில் சுவிஸ் அண்ணை அதற்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புகிறார். "காலை வணக்கம் அண்ணை. லண்டனில குளிர் எப்பிடி?" வாசித்ததும் டிக் நீலமாகிறது. பதில் வருவதில்லை. என்னைத் தடுத்துவிடலாம், ஏனோ தடுக்கவில்லை. சுவிஸ் அண்ணை யார் என்று அறியும்வரை தடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அறியட்டும், எனக்கு அவசரமில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதக் குந்தினேன். இன்னும் ஒற்றை டிக். காற்று பலம், படகு பிந்துது போல.