விரலில் சுற்றிய துணி

சுற்றுலாக் கப்பல் ராமேஸ்வரத்தில் நின்ற அரை நாளில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரலில் சுற்றும் துணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பார்த்ததுமே என் வாயில் உப்புக் கரித்தது.

பாசி எடுக்கப் போகுமுன் என் அம்மாவும் பழைய சேலையைப் பல்லால் கடித்துக் கிழிப்பாள். பாறை அறுக்காமலிருக்க விரல் விரலாகச் சுற்றிக்கொள்வாள். ஒருநாள் காக்கிச்சட்டை போட்ட வனத்துறை அதிகாரி ஒருவர் கரையில் மறித்தார்.

"தீவுப் பக்கம் போகக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

அம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை. "அங்கன போகாம பிள்ளைகளுக்கு எதை சார் ஆக்கிப்போட? பிடிக்கணும்னா தண்ணிக்குள்ள வந்து பிடிங்க."

இறங்கிப் போய்விட்டாள். அவர் பூட்ஸோடு கரையிலேயே நின்றார்.

இன்று அதே துணிக்கு மேல் 'நம் கடற்கரையின் பெருமை' என்று எழுதியிருக்கிறார்கள். கண்ணாடியில் கையை வைத்தேன்.

"கையை எடுங்கம்மா" என்றார் காவலாளி.

"எடுக்கணும்னா நீங்க வந்து எடுங்க" என்றேன்.