இறால் ஓட்டுப் பஞ்சு

ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்ததும் கேத்தரின் இரண்டு சொட்டைப் புறங்கையில் விட்டு ஊதிப் பார்க்கிறார். சில்லென்று இழுத்தால்தான் அது ஸ்பிரிட். இல்லாவிட்டால், "தண்ணி கலந்துட்டான், திருப்பி அனுப்புங்க டாக்டர்." பெங்களூர் அடுகோடியில் டாக்டர் சீனிவாசராகவனின் சின்ன கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. பஞ்சை முகர்வார். பிளாஸ்திரியை ஒட்டிப் பிய்ப்பார். புது ஊசியின் உறையைக்கூட வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவார்.

இந்தப் புத்தி கிளினிக்கோடு நிற்பதில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டில் இறால் வாங்கும்போது அதன் தலையைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் முகத்தையும் பார்ப்பார். தலை கறுத்திருந்தால் பழசு. கடைக்காரர் சிரித்தால் அதைவிடப் பழசு.

அப்படிப்பட்டவரிடம்தான், இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு மழை நாளில், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி முகேஷ் புதுச்சரக்கோடு வந்தார். ஃபாயில் உறைக்குள் வெள்ளைப் பஞ்சுத் துண்டு.

"எறா ஓட்டுலேர்ந்து எடுக்கறது மேடம். ஓட்டுல கைட்டின்னு ஒரு பொருள் இருக்கு. ஆசிட் ஊத்திச் சுண்ணாம்பை எடுத்துட்டு, சோடாக் காரத்துல ஒட்டின கறியை எடுத்துட்டு, மிச்சத்தைப் பக்குவம் பண்ணினா இது. ரத்தம் பட்டா பிசின் மாதிரிப் புடிச்சுக்கும்."

"நாங்க உரிச்சுக் குப்பைல கொட்றதை நீங்க சுத்திக் கொண்டாந்து விக்கறீங்க."

முகேஷ் அதோடு நிறுத்தியிருக்கலாம். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கவும், உடம்பு இளைக்கும் மாத்திரைக்கும் இதே பொருள்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

"புண்ணும் ஆறும், கொழுப்பும் கரையும், தண்ணியும் தெளியுமா? சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல லேகியம் விக்கறவன்கூட இவ்ளோ சொல்ல மாட்டான்."

முகேஷ் போனதும், "எல்லாம் சுள்ளு" என்றார் கேத்தரின். பொய்யைக் கன்னடத்தில் திட்டினால்தான் அவருக்குத் திருப்தி.

கோபத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. இறால் தின்று உதடு தடித்து, மூச்சு இரைக்க வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

"அந்த வினையெல்லாம் கறியிலதான் கேத்தரின். அதைச் சுத்தமா எடுத்துட்டுதான் இதைச் செய்யறாங்க" என்றார் டாக்டர்.

"சுத்தமான்னு யாரு பாத்தாங்க?"

முகேஷ் மாதிரிக்கு விட்டுப்போன பஞ்சு அலமாரிக்குள் போனது.

சில வாரம் கழித்து, மரப்பட்டறை வைத்திருக்கும் இளங்கோவனை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கையில் சுற்றியிருந்த துண்டு நனைந்து சொட்டியது. இழைப்பு மெஷின் உள்ளங்கை ஓரத்தைச் சீவியிருந்தது. தைக்கத் தோலே இல்லை. போதாததற்கு, இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை தின்கிறவர். கேத்தரின் பஞ்சை மாற்றி மாற்றி அழுத்தினார். நிற்கவில்லை. கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ஓசூர் ரோட்டு நெரிசலில் எங்கோ சிக்கிக் கிடந்தது. டாக்டர் அலமாரியைப் பார்த்தார். கேத்தரினும் பார்த்தார்.

"அண்ணா, எறா தின்னா ஒடம்பு தடிக்குமா?"

"நாங்க சைவம்மா. வாயில வெச்சதே இல்ல."

தின்று பழகியவரானால் ஆமாம், இல்லை என்றாவது சொல்லியிருப்பார்.

"இது எறா ஓட்டுல செஞ்சது. வெக்கட்டுமா?"

இளங்கோவன் தன் கையைப் பார்த்தார். "வயித்துக்குள்ள போகாதில்ல? வைங்கம்மா."

"டாக்டர், அலர்ஜி ஊசியை எடுத்து வெச்சுக்கங்க. டேபிள்ல இல்ல, கையில."

உறையைக் கிழித்து, பஞ்சைக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். வெள்ளை சிவந்தது, பிறகு கருஞ்சிவப்பாகிக் கூழ்போல இறுகியது. ஓரத்தில் கசிவு மெலிந்து, சொட்டாகி, நின்றது.

"நின்னுடுச்சு கேத்தரின்" என்றார் டாக்டர்.

இளங்கோவன் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினார்.

"மூடாதீங்கண்ணா. தொண்டை அரிக்குதா?"

"இல்லம்மா."

"உதடு கனக்குதா?"

"இல்லம்மா, நல்லாருக்கேன்."

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் கேத்தரின் அந்தக் கையை விடவில்லை. டாக்டர் கையிலிருந்த ஊசியை வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடாமல், அவரும் வண்டிக்குள் ஏறினார்.