தங்கபாய் சூனியக்காரி ஆன கதை

எங்கள் தெருவில் தங்கபாய் பெயரைச் சொன்னால் அடம்பிடிக்கிற பிள்ளை வாயைத் திறந்து சோற்றை வாங்கிக்கொள்ளும். அவள் கண்மாய்ப் பக்கமிருந்து வருவது தெரிந்தால் பெண்கள் கொடியில் காயும் குழந்தைத் துணிகளை அள்ளி உள்ளே போடுவார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வதற்கு முன்பே இவளைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அவள் எப்படிச் சூனியக்காரி ஆனாள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் எதிரெதிரே உட்கார்ந்து துணி சுருட்டியவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பாயில் உட்கார்ந்து பாடியவர்கள்.

கம்பெனிக்கு வருமுன் தங்கபாய் ஒரு வெள்ளைக்கார நர்சம்மாவிடம் ஆயாவாக இருந்தாள். நோரா அம்மா என்று பெயர், அயர்லாந்துக்காரர். வ. புதுப்பட்டிப் பக்கம் பிரசவம் பார்க்கச் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். எல்லாரிடமும் இங்கிலீஷும் உடைந்த தமிழும் பேசுகிற அந்த அம்மா, தனியாக இருக்கும்போது வேறொரு பாஷையில் முணுமுணுப்பாராம். இங்கிலீஷ் வருவதற்கு முந்தியே அவர்கள் மண்ணில் இருந்த பாஷை அது. அந்தப் பாஷைக்காரர்கள் கும்பிட்ட ப்ரீஜ் என்கிற தெய்வத்தைப் பற்றித் தங்கபாய்க்குச் சொல்லியிருக்கிறார். அடுப்புத் தீ, பசுவின் மடி, பிரசவம், எல்லாம் அவள் பொறுப்பு. அந்த நாட்டுக்குக் கிறிஸ்தவ வேதம் வந்தபோது மற்றச் சாமிகள் எல்லாம் காட்டுக்கும் குளத்துக்கும் ஓடிப்போக, இவள் மட்டும் புனிதவதியாகி சர்ச்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டாளாம்.

"அப்ப நம்ம பேச்சியம்மன் மாதிரின்னு சொல்லுங்கம்மா" என்றிருக்கிறாள் தங்கபாய். நோரா அம்மா சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாராம்.

தை பாதி தாண்டி, பிப்ரவரி பிறப்பதற்கு முந்தின சாயங்காலம் அந்தத் தெய்வம் வீட்டுக்கு வரும். ஒருத்தி பச்சைக் கோரைப்புல்லை ஏந்திக்கொண்டு வெளியே நின்று, ப்ரீஜ் வந்திருக்கிறாள், கதவைத் திற என்று கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவள் "ஷே பாஹா, ஷே பாஹா" என்று பதில் சொல்ல வேண்டும். வா தாயே, வா தாயே என்கிற மாதிரி. பிறகு அந்தக் கோரையை, நடுவில் சதுரமும் நாலு பக்கம் நாலு கையுமாகச் சிலுவை முடைந்து நிலைக்கு மேல் செருகுவார்கள். நோரா அம்மா உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பின்னும் தங்கபாய் இதை விடவில்லை. வெளியே நின்று கூப்பிடுவதும் அவளே, ஓடிப்போய் உள்ளிருந்து பதில் சொல்வதும் அவளே. எனக்குச் சிரிப்பாக இருக்கும். தெருவில் வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது இருந்தால் அவளுக்கும் ஒன்று முடைவாள்.

எண்பத்தேழில் தங்கபாயின் எதிர்வீட்டு வெள்ளைத்தாய் வயிற்றோடு இருந்தாள். முந்தின இரண்டும் வீட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே அடங்கிப்போனவை. பிள்ளையில்லாத தங்கபாய்க்கு அவள் மேல் அப்படி ஒரு பாசம். ஆனால் வெள்ளைத்தாயின் மாமியார் இருளம்மாள், வேதக்கார வீட்டுப் பண்டத்தை நிலைக்கு உள்ளே விடமாட்டாள். கொடுத்தால் அடுப்பில் போடுவாள் என்று தெரிந்து, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தங்கபாய் அந்தக் கோரைச் சிலுவையை நிலைக்கதவுக்கு மேல் ஓட்டுச்சந்தில் ஒளித்துச் செருகிவிட்டு வந்தாள். வெளிப்படையாகக் கொடுத்து நாலு திட்டு வாங்கியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

மாசம் ஏற ஏற வெள்ளைத்தாய்க்குக் காலும் முகமும் வீங்கின. வளையல் கையில் இறுகிக் கழற்ற முடியவில்லை. புருஷன் குருசாமி கோடாங்கியைக் கூட்டிவந்தான். கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடினான். வைத்த சூனியத்தை எடுத்துக் காட்டினால்தான் அவனுக்கு மரியாதை. வழக்கமாக அவன் மடியில் இருப்பதுதான் மண்ணிலிருந்து வரும். அன்றைக்கு அவனுக்கே ஆச்சரியம், ஓட்டுச்சந்தில் நிஜமாகவே ஒன்று கையில் தட்டுப்பட்டது.

"நாலு தெசையும் கட்டிருக்காடா குருசாமி! பிள்ள வெளிய வர வழியில்லாம அடச்சிருக்கா!"

கோரையை இப்படி முடைகிற கை எது என்று தெருவுக்கே தெரியும். கோடாங்கி அதை வாசலிலேயே கொளுத்தினான். படிக்குக் குறுக்கே சாம்பலால் ஒரு கோடு கிழித்து, பிள்ளை பிறக்கும்வரை வெள்ளைத்தாய் இதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காவல் அறுந்துபோகும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் மத்தியானம் வெள்ளைத்தாய் தலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிற சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. கண் மங்குகிறது, பொறி பறக்கிறது என்று அலறினாள். நான் ஓடிப்போய்த் தங்கபாயிடம் சொன்னேன். நோரா அம்மாவின் ஆஸ்பத்திரியில் இப்படி வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அடுத்து வலிப்புதான். வலிப்பு வந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் இருளம்மாளிடம் போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கோட்டத் தாண்ட வைக்கத்தான் அவ ஒன்ன அனுப்பிருக்காளா? போட்டி அங்கிட்டு" என்று கதவைச் சாத்தினாள்.

நான் திரும்பி வந்தபோது தங்கபாய் கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலைவிரி கோலமாக அவளை நான் அதுவரை கண்டதில்லை. நேராக நடந்துபோய் எதிர்வீட்டு வாசலில் நின்று கதவை உதைத்தாள். குருசாமி அரிவாளோடு வெளியே வந்தான். தெரு கூடிவிட்டது.

"ஆமாலே குருசாமி, நாந்தான் வச்சேன். நீ எரிச்சது ஒண்ணு. இன்னொண்ணு வீட்டுக்குள்ள கெடக்கு. ஒன் கோடாங்கி அப்பன் வந்தாலும் எடுக்க முடியாது. பொழுது சாயறதுக்குள்ள தாயும் பிள்ளையும் எனக்கு!"

உள்ளேயிருந்து இருளம்மாளின் அலறல் கேட்டது.

"எங்க வேணும்னாலும் ஒளிச்சு வைங்க, தேடி வருவேன். மருந்து வாடை அடிக்கிற எடத்துக்கு மட்டும் கொண்டுபோயிராதீக, அங்கன என் காலு படாது!"

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கையை ஓங்கி, கண்ணை மேலே சொருகிக்கொண்டு, "ஷே பாஹா! ஷே பாஹா!" என்று கூவினாள். பாவி, அவளுக்குச் சாபம் ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்த வாழ்த்தைத்தான் அப்படிக் கத்தினாள். கூட்டம் பின்வாங்கியது.

குருசாமி அரிவாளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு சாம்பல் கோட்டை மிதித்தபடியே வெளியே வந்தான்.

"இங்கிட்டு வேண்டாம்லே, இது அவ எல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு விடச் சொல்லு!" என்று இருளம்மாள் பின்னாலேயே ஓடினாள். வாடகைக் கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது வெள்ளைத்தாய்க்கு வலிப்பு வந்துவிட்டதாம். டாக்டர்கள் வயிற்றைக் கிழித்துப் பெண்பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பின.

அந்தச் செய்தி வந்த அன்றே தங்கபாயின் கூரையில் தீ வைத்தார்கள். கம்பெனியில் அவள் தொட்ட துணியைத் தொடமாட்டோம் என்று மற்றவர்கள் சொல்ல, வேலை போனது. சர்ச்சில் போதகர் ஐயா விசாரித்தார். வைத்தது நான்தான் என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைச் சபையை விட்டு நீக்கினார்கள். கண்மாய்க்கரையில் தகரம் போட்டு ஒண்டிக்கொண்டாள். நடந்ததைத் தெருவில் நின்று சொல்லிவிடுகிறேன் என்று நான் கிளம்பினேன். என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"சொல்லிப்போட்டு? தெக்குத் தெருவுல சுடலையம்மா மவ வயித்தோட இருக்கா. அவள எவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான்? நல்ல வார்த்தைக்கு எவனும் வாசல் தாண்ட மாட்டான் பரிபூரணம். எனக்குப் பயந்தாத் தாண்டுவான்."

சொன்னபடியே செய்தாள். எந்த வீட்டில் மாசமாக இருக்கிறார்களோ அந்த வீட்டு முன்னால் தலையை விரித்துப்போட்டு நிற்பாள். நிலையை அண்ணாந்து பார்ப்பாள். அவ்வளவுதான். மறுநாளே அந்த வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அப்படி நின்ற ஒரு நாளில் யாரோ எறிந்த கல் பட்டு இடது கண் போனது. அதன் பிறகு அந்தக் கண்ணைப் பார்த்தே பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பத்து வருஷமாக எங்கள் பகுதியில் வீட்டில் பிள்ளை பெற்றவள் கிடையாது. இதைச் சர்க்கார் நர்ஸ் மேடை போட்டுத் தன் சாதனையாகச் சொல்லிக்கொண்டபோது கூட்டத்தில் நானும் கைதட்டினேன், எரிச்சலோடு.

போன தை மாதம் அவளோடு கண்மாயில் கோரை அறுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத்தாயின் மகள் பள்ளிக்கூடம் விட்டுக் கரை வழியே வந்தாள். தங்கபாயைக் கண்டதும் மூன்று தரம் துப்பினாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது. பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓட்டம் பிடித்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

தங்கபாய் நெற்றியில் கை வைத்து, இருந்த ஒற்றைக் கண்ணால் அவள் வீடு போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏட்டி பரிபூரணம், எம்புட்டு வேகமா ஓடுதா பாத்தியா!" என்றாள்.